பெட்டிக்குக் காய்ச்சல்

பேருந்து ஓட்டிய காலம் முழுக்க வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் பணிமனையில் கொண்டுவந்து நிறுத்திய மனிதர், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒருவரிடம் கார் பந்தயத்தில் ஓயாமல் தோற்றுக்கொண்டிருந்தால் வயிறு எரியுமா எரியாதா? டிரைவருக்கு எரிந்தது. ஓய்வுபெற்று வீட்டோடு இருந்தாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் டிரைவர்தான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து தோற்பதென்றால் சும்மாவா?

தோற்கடித்தவர் அந்நியரும் இல்லை, சொந்த சம்பந்தி. மருமகளைப் பெற்றவர். மருந்துக்கடை வைத்திருந்து, கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளித் தனியாகக் குடியிருந்தார். யாரைப் பார்த்தாலும் அடுத்த நொடி நாக்கை நீட்டச் சொல்லிவிடுவாரோ என்று பயப்படும்படி ஒரு பார்வை. மகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வெட்கம். அதனால், "ஒரு ரவுண்டு ஓட்டலாமா சம்பந்தி?" என்று கேட்டுக்கொண்டே சாயங்கால வேளைகளில் மாடியேறி வருவார்.

ஓட்டுவது டிரைவருடைய மகன் படிக்கிற காலத்தில் வாங்கிய பழைய கேம் பெட்டியில். கறுப்பாக, பருமனாக, டிவிக்குக் கீழே ஒரு குட்டிப் பன்றி படுத்திருப்பது போல் இருக்கும். மகன் இப்போது ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பொருத்துகிற வேலையில் இருந்தான். போவதற்கு முன் அப்பாவின் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, எது ஆக்சிலேட்டர், எது பிரேக் என்று காட்டினான்.

"ஹாரன் எங்கடா?" என்று கேட்டார் டிரைவர்.

"இதுல ஹாரன் கிடையாதுப்பா."

"ஹாரன் இல்லாம எவன்டா வண்டி ஓட்டுவான்?"

கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. டிரைவர் வளைவு வருவதற்கு முன்பே பிரேக்கைத் தொடுவார். பாதை ஓரத்தில் கொடி பிடித்து நிற்கிறவனைக் கண்டால், ஏறப்போகிற பயணியோ என்று வேகம் தானாகக் குறையும். ஒரு வண்டியைத் தாண்டுவதற்கு முன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். பின்னால் சோபாவின் முதுகுதான் இருக்கும்.

மருந்துக்கடைக்காரரோ நிஜப் பேருந்தில் ஏறினால் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொள்கிற ஆள். கையில் கன்ட்ரோலர் வந்ததும் வேறு பிறவி எடுத்துவிடுவார். வளைவில் வேகத்தைக் குறைப்பது என்ற பேச்சே கிடையாது. நேராகப் போய்ச் சுவரில் மோதுவார். சுவர் வண்டியைத் திருப்பிவிடும். மேற்கொண்டு போவார்.

"இது என்ன சம்பந்தி, இப்படி இடிக்கறீங்க?" என்பார் டிரைவர்.

"யாருக்கும் அடிபடலையே," என்பார் அவர், கண்ணை எடுக்காமல்.

ஐந்தாவது சுற்று முடிவதற்குள், 'போதும், நீங்கதான் ஜெயிச்சீங்க' என்று டிரைவர் ஆட்டத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். இப்படித் தோற்றுக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை குளிர் கொஞ்சம் அதிகமாக இருந்தது. டிரைவர் கழுத்தில் சுற்றியிருந்த பச்சைக் கம்பளி மஃப்ளரைக் கழற்றி டிவி மேடையின் மேல் வைத்துவிட்டு ஆட்டத்தில் உட்கார்ந்தார். சம்பந்தி வழக்கம்போல் எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தார். நாலாவது சுற்றில் பெட்டிக்குள்ளிருந்து மிக்ஸி ஓடுவது போல் ஓர் இரைச்சல் எழும்பியது. சிவப்பு விளக்கு இரண்டு தரம் கண்ணடித்தது. திரை இருண்டது.

"அடடா! ஜெயிக்கிற நேரத்துல!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் மருந்துக்கடைக்காரர்.

"வண்டி சூடாயிடுச்சு சம்பந்தி. இந்த ஆட்டம் செல்லாது," என்று தீர்ப்புச் சொன்னார் டிரைவர். சொல்லும்போது மனசுக்குள் ஜிலுஜிலுவென்று ஏதோ இறங்கியது.

சம்பந்தி போனபிறகு குனிந்து பார்த்தார். மஃப்ளர் நழுவி, பெட்டியின் பின்பக்கம் காற்று வெளியேறும் சல்லடையை முழுசாக மூடிக்கொண்டு கிடந்தது. கையை வைத்தார், சுட்டது. காலமெல்லாம் ரேடியேட்டரோடு குடித்தனம் நடத்தியவருக்கு இதை ஆள் வைத்து விளக்க வேண்டியதில்லை. மூச்சை அடைத்தால் இன்ஜின் நிற்கும்.

அடுத்த தடவை மஃப்ளர் நழுவவில்லை. வைக்கப்பட்டது. சம்பந்தி செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் டிரைவர் ஏதோ ஒயரைச் சரிசெய்கிறவர்போல் மண்டியிட்டு, கம்பளியை அணைத்து வைத்துவிட்டு எழுந்திருப்பார். நாலாவது சுற்று, மிஞ்சிப்போனால் ஐந்தாவது. பெட்டி கண்ணை மூடிவிடும். "செல்லாது!" மனசாட்சி உறுத்தியதா என்றால், முதல் தடவை உறுத்தியது. அப்புறம் பழகிப்போயிற்று.

வெயில் ஏறிய பிறகும் அவர் கழுத்தில் மஃப்ளரைப் பார்த்து அவர் மனைவி கேட்டாள். "இந்தப் புழுக்கத்துல இது எதுக்கு? என்ன வேஷம் இது?"

"காதுல காத்து போகுது," என்றார்.

"உள்ள இருந்து எதிர்க்காத்து வராதா?" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

கொஞ்ச நாளில் பெட்டிக்கு நோய் முற்றிவிட்டது. மஃப்ளர் இல்லாமலே நிற்க ஆரம்பித்தது. பந்தயம் தொடங்குவதற்கு முன்பே இரைந்தது. மருந்துக்கடைக்காரர் குழந்தையின் நெற்றியைத் தொடுகிறவர்போல் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல்தான். ஈரத்துணி போட்டுப் பாக்கலாமா?"

"அப்பா, அதுல கரண்ட் ஓடுது," என்றாள் மகள்.

"அப்ப வேண்டாம்."

இத்தோடு போயிருந்தால் டிரைவர் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் ஒரு சாயங்காலம், பெட்டி அணைந்ததும் மருந்துக்கடைக்காரர் தலையில் கைவைக்கவில்லை. கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கவனிச்சீங்களா சம்பந்தி? நான் முன்னால போனாத்தான் இது நிக்குது. நீங்க முன்னால போனா நிக்கறதில்ல."

'நான்தான் முன்னால் போனதே இல்லையே' என்று சொல்ல டிரைவருக்கு மானம் இடங்கொடுக்கவில்லை.

"என் கை ராசி அப்படி." அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "கை ரொம்ப வேர்க்குது. என் உடம்புச் சூடுதான் அதுல இறங்குதோ என்னமோ. புள்ளை ஆசையா வாங்கின பொருள். நான் தொட்டுக் கெட்டுப்போனதா இருக்க வேண்டாம்."

அதன்பிறகு அவர் வரவில்லை. ஆனால் மகள் வேலை செய்கிற இடத்துக்குத் தினமும் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரை விசாரிப்பது போல், "பெட்டிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்பார். நான் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தால் பரவாயில்லையா என்று ஒருநாள் கேட்டாராம். அதை மருமகள் வீட்டில் வந்து சொன்னபோது டிரைவர் பாதிச் சாப்பாட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மருமகள் பல்செட் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்து மெழுகில் வார்த்து, பல் பல்லாகப் பொருத்தித் தருகிற கூடத்தில் வேலை. இரண்டு சம்பந்திகளின் வாயிலும் இருந்தது அவள் கைவேலைதான். அதனால் வீட்டில் யாரும் அவளைப் பார்த்துப் பல்லைக் கடிக்க முடியாது. கடித்தால், "என்ன மாமா, கீழ் செட்டு லூசா இருக்கா?" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்தாள். கூடத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களை வரிசையாக வைத்தாள்: மெல்லிய தூரிகைகள், இடுக்கி, மெழுகைச் சீவுகிற தட்டையான கரண்டி, ஸ்பிரிட் பாட்டில். கம்ப்யூட்டர் கடையில் வாங்கிய நட்சத்திர முனைத் திருப்புளியும் ஒரு குட்டி டியூப் பசையும் இருந்தன.

"மாமா, பெட்டியைப் பிரிக்கப் போறேன். கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

டிரைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எதுக்கும்மா? வயசானது. பிரிச்சா திரும்பச் சேராது. அப்படியே விட்டுட்டா ஏதோ அது பாட்டுக்கு..."

"நீங்ககூட வயசானவர்தான். டாக்டர் வயித்தைப் பிரிச்சுத் திரும்பச் சேக்கலையா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அது குடலிறக்கம்!"

"இதுவும் ஏதோ இறங்கித்தான் நிக்குது. புடிங்க."

வேறு வழியில்லாமல் டிரைவர் பிடித்தார். ஒன்று மட்டும் ஆறுதல்: மஃப்ளர் பெட்டியின் பின்னால் இல்லை. கழுத்தில் பத்திரமாக இருந்தது. பெட்டியின் மேல் வேறு எந்தத் தடயமும் இல்லை என்று காலையிலேயே பார்த்துவைத்திருந்தார்.

அவள் அடியிலிருந்த ஸ்டிக்கரை உரித்தாள். உள்ளே நட்சத்திர வாயோடு திருகாணிகள். ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய பல்செட் டப்பாவில் போட்டாள். மூடி வருவேனா என்று அடம்பிடித்தது. கரண்டியை ஓரத்தில் நுழைத்து அங்கங்கே அழுத்தினாள். சட் சட்டென்று ஒவ்வோர் இடமாக விட்டுக்கொடுத்து மூடி எழுந்தது.

உள்ளே இருந்ததைப் பார்த்து டிரைவரே மூக்கைப் பொத்திக்கொண்டார். தூசி படிந்திருக்கவில்லை, தூசி குடியிருந்தது. சாம்பல் நிறத்தில், வெட்டித் தைத்தால் ஒரு சட்டை வரும் அளவுக்கு. ஓரத்தில் ஒரு கரப்பான்பூச்சி கால்களை மேலே தூக்கிக்கொண்டு நிரந்தர ஓய்வில் இருந்தது.

"இது எத்தனை சுத்து ஓடியிருக்கும் பாவம்," என்றார் டிரைவர், சூழ்நிலையைக் கலகலப்பாக்கும் எண்ணத்தில். மருமகள் சிரிக்கவில்லை. காற்றாடியைத் தனியாக வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு விரலால் சுற்றிப் பார்த்தாள். அது லேசில் சுற்றவில்லை. அதன் அச்சில் ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

பச்சை நிறத்தில் ஒரு கம்பளி இழை வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதை மேசையில் நீளமாகக் கிடத்தினாள். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு சின்னப் பந்து. பிறகு நிமிர்ந்து மாமனாரின் கழுத்தைப் பார்த்தாள்.

"மாமா, இது எந்த ஆட்டோட முடி?"

டிரைவரின் கை தானாக மஃப்ளருக்குப் போயிற்று. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி உரிமத்தைக் கேட்கும்போதுகூட அவருக்கு இப்படி வேர்த்ததில்லை.

"காத்துல பறந்து போயிருக்கும்மா."

"காத்து உள்ள போற வழி முன்னால இருக்கு. இது வெளிய வர்ற வழில சுத்தியிருக்கு. யாராவது கொண்டுவந்து அழுத்தி வச்சாத்தான் இப்படி இழுத்துக்கும்."

டிரைவர் பல்லைக் கடித்தார். கடித்த பல்லும் அவள் செய்தது என்பது நினைவுக்கு வர, விட்டுவிட்டார். சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. அங்கே ஒரு ஜோடிக் காது முழு வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார்: நழுவி விழுந்தது, பிறகு வைத்தது, சுற்றுக் கணக்கு, செல்லாது என்ற தீர்ப்பு.

மருமகள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தூரிகையை எடுத்துத் தூசியைத் தட்ட ஆரம்பித்தாள்.

"அப்பா நேத்து என்ன கேட்டார் தெரியுமா? கையுறை போட்டுக்கிட்டு விளையாடலாமான்னு கேட்டார். கடையில மருந்து கலக்கறப்ப போட்டுக்கறது ஒரு டப்பா மிச்சம் இருக்காம்."

டிரைவர் மேசையிலிருந்த பச்சை இழையை எடுத்து விரலில் சுற்றினார்.

"நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேம்மா. ஆனா ஒண்ணு. முதல்ல ஒரு ஆட்டம் ஒழுங்கா ஆடிடறேன். முறையாத் தோத்துட்டுச் சொல்றேன். தோக்கறவன் சொன்னா அவருக்கும் கொஞ்சம் மனசு ஆறும்."

"சரி. இதைப் பிடிங்க."

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சர்க்யூட் பலகையின் நடுவில், சூட்டை இழுக்கிற உலோகக் கட்டியைத் தூக்கினாள். அதற்கும் பெட்டியின் மூளையான சில்லுக்கும் நடுவில் இருந்த பழைய பசை காய்ந்து, பல்லில் படிகிற காரைபோல் ஆகியிருந்தது. இதை அவள் தினமும் பார்க்கிறவள். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, சுரண்டாமல், பொறுமையாகத் தேய்த்து எடுத்தாள். சில்லு கண்ணாடிபோல் பளிச்சிட்டது. அதன்மேல் புதுப் பசையை ஒரு பட்டாணி அளவுக்குப் பிதுக்கினாள்.

"இவ்வளவுதானா? தாராளமாப் போடும்மா. கிரீஸுல கஞ்சத்தனம் பண்ணினா இன்ஜின் பழிவாங்கும்."

"இது கிரீஸ் இல்ல மாமா. நிறையப் போட்டா சூடு வெளியேறாது. ஒட்டறதுக்கு மட்டும் இருந்தாப் போதும்."

எல்லாவற்றையும் கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் பூட்டினாள். கடைசியில் டப்பாவில் ஒரு திருகாணி மிஞ்சியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதற்கென்று ஓர் ஓட்டையும் காணோம்.

"விடும்மா," என்றார் டிரைவர், அன்று முதல்முறையாகத் தன் துறை அதிகாரத்தோடு. "பணிமனையில எப்பவும் ஒண்ணு மிஞ்சும். அதையெல்லாம் தேடிப் போட்டா வண்டி கனமாயிடும்."

சுவிட்சைப் போட்டார்கள். சத்தமே இல்லை. சமையலறையிலிருந்து டிரைவரின் மனைவி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "என்ன, செத்துப்போச்சா?"

சாகவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. காதை அதன் பக்கத்தில் வைத்தால் மட்டும் தூங்குகிற குழந்தை மூச்சுவிடுவது போல் மெல்லிய காற்று கேட்டது. இத்தனை காலம் அந்த இரைச்சலைத்தான் பெட்டியின் இயல்பான குரல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் போன் செய்து வரச் சொன்னதும் மருந்துக்கடைக்காரர் முதலில் முடியாது என்றார். பிறகு வந்தார். கையுறை போடவில்லை. ஆனால் கையைக் கழுவிவிட்டு, ஸ்பிரிட்டிலும் துடைத்துவிட்டு, எதையும் தொடாமல் அறுவைச் சிகிச்சைக்குப் போகிற டாக்டர்போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியேறினார்.

"தொடலாமா?" என்றார்.

"தொடுங்க சம்பந்தி," என்றார் டிரைவர்.

பந்தயம் பத்துச் சுற்று. தொடங்கியதும் வழக்கம்போல் இன்னும் சில வண்டிகள் இவர்களைத் தாண்டிச் சர்ரென்று பறந்து போயின. அவற்றை இருவரும் ஒருநாளும் கண்டுகொண்டதில்லை. சம்பந்தி முதல் வளைவிலேயே சுவரில் மோதி, திரும்பி, முன்னால் போனார். டிரைவர் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் போனார். மருமகள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது சுற்று. ஐந்தாவது சுற்று. மருந்துக்கடைக்காரர் பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தார். அது கம்மென்று இருந்தது. ஆறாவது சுற்றுக்குள் நுழைந்தபோது, "மகளே, போகுது! போகுது!" என்று கத்தினார். இருவரும் இதுவரை கால்வைக்காத பூமி அது.

ஆறாவது சுற்றின் இரண்டாவது வளைவில் அவர் வண்டியின் முன்மூடி கழன்று பறந்தது.

"என்னது அது?"

"உங்க பானெட்டு சம்பந்தி."

"திரும்பி வருமா?"

ஏழாவதில் ஒரு கதவு போயிற்று. எட்டாவதில் புகை கிளம்பியது. சுவரில் மோதினால் சுவர் இப்போது திருப்பிவிடவில்லை; அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. அவர் பொத்தானை அழுத்த அழுத்த வண்டி நொண்டிக்கொண்டு நகர்ந்தது.

"என்ன இது, ஒரு பக்கமா இழுக்குது?"

"முன் ஆக்சில் போச்சு," என்றார் டிரைவர் தன்னையறியாமல். "ஓரங்கட்டுங்க சம்பந்தி, பின்னால வர்றவனுக்கு இடைஞ்சல்."

பின்னால் வந்தவன் அவரே. ஒரு கீறல் இல்லாத வண்டியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒழுங்காக ஒதுங்கி, சம்பந்தியைத் தாண்டினார். தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரே ஒரு நாள் பாதியில் கைவிடாமல், அந்தக் கம்பளியும் வைக்காமல் இருந்திருந்தால், ஒரே ஒரு நாள் பெட்டியை அதன்போக்கில் ஓடவிட்டிருந்தால், இந்தத் தாண்டல் எப்போதோ நடந்திருக்கும். மண்டியிட்டு மண்டியிட்டு மஃப்ளர் வைத்தது எல்லாம் சொந்த வெற்றியின் கழுத்தைச் சுற்றித்தான். பாவி, யாருடைய மூச்சை அடைத்தோம்!

கோட்டைக் கடந்ததும் கன்ட்ரோலரோடு துள்ளி எழுந்தார். "வந்தேன் பாத்தியா! ஒரு கீறல்! ஒரு கீறல் உண்டா?" மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். மருந்துக்கடைக்காரர் கொஞ்ச நேரம் கழித்துத் தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தார். முகம் வாடியிருந்தாலும் கை நீட்டினார். "முதல் பரிசு உங்களுக்குத்தான் சம்பந்தி. நான் ரெண்டாவது."

அப்போது திரையில் ஒரு பலகை விரிந்தது. பந்தயம் முழுசாக முடிந்தால் மட்டும் வருகிற பலகை. இந்த வீட்டுப் பெரியவர்கள் அதுவரை பார்த்ததில்லை. வாயில் நுழையாத பெயர்களாக மேலிருந்து கீழே வரிசையாக இருந்தன.

"எங்க பேரு எங்கம்மா?" என்று கேட்டார் டிரைவர், மேலே தேடிக்கொண்டு.

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கீழ பாருங்க மாமா. ஏழு, எட்டு."

"எத்தனை பேர்ல?"

"எட்டு பேர்லதான்."

டிரைவர் திரையில் விரல் வைத்து மேலிருந்து கீழே எண்ணினார்.

"அந்த முன்னால போன வண்டிங்க..." என்று இழுத்தார் மருந்துக்கடைக்காரர்.

"அதுங்களும் போட்டியிலதான்பா இருக்கு."

"நான் ஏதோ அவங்கவங்க சோலியாப் போறாங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றார் டிரைவர். "அப்ப பின்னாலேருந்து திரும்பத் திரும்ப வந்து தாண்டிப் போனாங்களே?"

"அது அதே ஆளுங்கதான் மாமா. உங்களை ஒரு சுத்து, ரெண்டு சுத்து முந்திட்டாங்க."

டிரைவரின் மனைவி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

டிரைவர் உட்கார்ந்தார். தோற்றுவிட்டுச் சொல்வதாகத்தான் பேச்சு. இது தோல்வியா வெற்றியா என்று அவருக்கே பிடிபடவில்லை. மருமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. பெட்டி நின்னதுக்கு நான்தான் காரணம். இதை வச்சுப் பின்னால அடைச்சேன்."

மருந்துக்கடைக்காரர் முதலில் தன் உள்ளங்கையைத்தான் பார்த்தார். பிறகு மஃப்ளரை. பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். மகள் "அப்பா" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை.

டிரைவர் வெறுங்காலோடு பின்னால் ஓடினார். ஒரு மாடி இறங்கியதும் படித்திருப்பத்தில் சம்பந்தி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். டிரைவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"தப்புதான் சம்பந்தி."

"கழுவிக் கழுவிக் கையில தோல் உரிஞ்சுபோச்சு." அவர் கையை நீட்டிக் காட்டினார். "தூங்கறப்ப யோசிச்சுப் பாப்பேன். தொட்டதெல்லாம் கெட்டுப்போற அளவுக்கு என்ன பாவம் பண்ணினேன்னு. நீங்க என்னடான்னா மஃப்ளரை வச்சு அமுக்கிட்டிருந்திருக்கீங்க. கொலைகாரன் பண்ற வேலை இது."

"ஆமா."

"தோத்தா என்ன? உங்க வேலையா போயிடும்? பென்ஷன் நின்னுடுமா?"

"டிரைவர்னு கூப்பிடறாங்களே சம்பந்தி," என்றார் டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கிட்ட..."

மேல்மாடிக்காரர் ஒருவர் காய்கறிப் பையோடு ஏறிவந்தார். இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் போன பிறகு மருந்துக்கடைக்காரர் எதையோ கணக்குப் போட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க அடைக்காம விட்டிருந்தா, எல்லா ஆட்டத்துலயும் என் வண்டி இப்படித்தானே நொண்டியிருக்கும்?"

"ஆமா. நான் ஜெயிச்சிருப்பேன். அதான் இப்ப வயிறு எரியுது."

"ஜெயிச்சு?"

"ஏழாவது வந்திருப்பேன்."

மருந்துக்கடைக்காரரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டிரைவர் பதறிப்போய்ப் பார்த்தார். அவர் பல்செட் விழுந்துவிடாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். "ஏழாவது இடத்துக்கு..." என்றார், மூச்சு முட்ட. "ஏழாவது இடத்துக்கு இவ்வளவு களவாணித்தனமா!" டிரைவருக்கும் அடக்க முடியவில்லை. அவரும் வாயைப் பொத்திக்கொண்டார். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

ஓய்ந்த பிறகு மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோபம் போகல, சொல்லிட்டேன். இன்னும் ஒரு வாரம் இருக்கும்."

"இருக்கட்டும்."

"அந்த ஆறாவதா வந்தவன், மஞ்சள் வண்டி. அவனைத் தாண்ட முடியுமா?"

டிரைவர் தொழில்முறையில் யோசித்தார். "வளைவுல அவன் உள்பக்கமா ஒடுங்கறான். நீங்க போய் இடிச்சு அவனைப் பிடிச்சு வச்சுக்கிட்டீங்கன்னா, நான் பின்னாலேருந்து ஒழுங்கா வந்துடுவேன். இடிக்கறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்ல."

"எனக்கு எட்டாவதுதானே கிடைக்கும்?"

"அடுத்த ஆட்டத்துல மாத்திக்கலாம்."

இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். வீட்டுக்குள் போனால், டிரைவரின் மனைவி சோபாவின் நடுவில் உட்கார்ந்து தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் மேசையில் மிஞ்சிய திருகாணியைக் கையில் வைத்து இன்னும் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் டிவியைக் குடு," என்றார் டிரைவர். "அவசரம்."

"கொஞ்சம் ஆறட்டும்."

"பெட்டி இப்பல்லாம் சூடே ஆகறதில்ல."

"பெட்டியை யார் சொன்னா?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு பேரும் உக்காருங்க."

சம்பந்திகள் இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, தொடர் முடிகிறவரை அவள் தலைக்குப் பின்னால் மஞ்சள் வண்டிக்காரனைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.